பங்குக் கிணறும் பகிரப்படும் அலையும்: வானொலி மீடிறன்களின் பங்கீடு பற்றிய ஒரு சமூக நோக்கு

1

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990களின் முற்பாதியை வாழ்ந்து கழித்தோர்க்கு ஒரு காட்சி மறக்கவொண்ணாதது. மின்சாரம் இல்லை, மின்கலங்கள் பொருளாதாரத் தடைப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. மாலையானதும் துவிச்சக்கர வண்டியொன்றைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுற்றுவார். டைனமோவிற் பிறக்கும் சிறு மின்னோட்டத்திலே பி.பி.சி. தமிழோசையையோ மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையோ அயலவர் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். வானிலே அலை தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதனைப் பெறும் வழியே மறுக்கப்பட்டிருந்தது.

இன்று நிலைமை மறுதலையாகிவிட்டது. கருவி இல்லாத வீடு அரிது. கையடக்கத் தொலைபேசி கடற்றொழிலாளியின் வள்ளத்திலும் தோட்டக்காரரின் கொட்டிலிலும் புகுந்துவிட்டது. ஆனால் இப்பொழுது அலைக்கே பஞ்சம் என்கின்றனர். வானொலி மீடிறன் அரிய வளம் என்றும், அரியதாகையால் அது விலைக்கு விற்கப்படவேண்டும் என்றும், விலை கொடுக்க வல்லவரே அதனைத் திறமையாகப் பயன்படுத்துவர் என்றும் வாதிக்கப்படுகிறது. இவ்வாதத்தின் முதற்படியை நாம் ஐயுறாது ஏற்றுக்கொண்டால் எஞ்சிய படிகளையும் ஏற்க நேரிடும். எனவே, அலையின் பஞ்சம் என்பது யாது, அஃது எவ்வளவுக்கு இயற்கையினது, எவ்வளவுக்குக் கருவியினதும் உடைமையுறவினதும் விளைவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவராகிய நாம் மின்னியலாளரின் துறையிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பேச்சும் எழுத்தும் மக்களைச் சென்றடையும் வழிகளே இலக்கிய வரலாற்றின் பொருளியல் அடித்தளம் என்று கருதுவோர்க்கு அவ்வியப்பு எழாது.

2

முதலில் அலையின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். மின்காந்த அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் மீடிறன். மத்திய அலை வானொலி செக்கனுக்குச் சில இலட்சம் அதிர்வுகளைக் கொண்டது. எப்.எம். வானொலி 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு எட்டேமுக்காற் கோடி தொடக்கம் பத்துக் கோடியே எண்பது இலட்சம் அதிர்வுகள் வரை விரிவது. கையடக்கத் தொலைபேசிகள் பல 900, 1800 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில் இயங்குவன. இவ்வாறு நீளும் மீடிறன் வரிசையையே நமது பாடநூல்கள் திருசியம் என்கின்றன. தமிழகத்துச் செய்தித்தாள்கள் அலைக்கற்றை என வழங்குவதும் இதனையே.

இரு நிலையங்கள் ஒரே மீடிறனில் ஒலிபரப்பினால் இரண்டும் கெடும் என்பது பொது நம்பிக்கை. இது நுணுகி நோக்கத்தக்கது. கேணியில் இரு கற்களை வெவ்வேறிடத்தில் எறிந்தால் எழும் வளையங்கள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து தத்தம் வழியே செல்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. வானொலி அலைகளும் அத்தகையனவே. ஒன்றோடொன்று கலந்த அலைகளிலிருந்து தனக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் வாங்கிக்கு இல்லாதபோதே இடையூறு தோன்றுகிறது. ஆகவே இடையூறு என்பது அலையின் பண்பு மட்டுமன்று. வாங்கும் கருவியின் திறனும் அதிலே சேர்ந்துள்ளது. மலிவான பழைய வாங்கிக்குப் பக்கத்து நிலையம் தொல்லையாகத் தோன்றும். நுண்ணிய வாங்கிக்கு அவ்விடைவெளியில் வேறும் நிலையங்கள் இருக்க இடமுண்டு. ஒரு காலத்திற் பஞ்சமெனக் கொள்ளப்பட்டது கருவி வளர்ந்த பின்னர்ப் பஞ்சமாக இருப்பதில்லை. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி இயற்கையின் எல்லைகளையே மாற்றி வரையும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

3

பங்கீட்டு முறைகளை விளக்குவதற்கு நமது மண்ணிலேயே ஓர் உவமை உண்டு. ஆறில்லாத குடாநாட்டின் பயிர்ச்செய்கை சுண்ணாம்புக் கல்லினடியில் தங்கும் மழைநீரையே நம்பியது. தோட்டக் காணிகள் பலவற்றுக்கு நடுவே பங்குக் கிணறு இருக்கும். காணி உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காற் பங்கும் சேர்த்தே எழுதப்படுவது வழக்கம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இன்று ஒருவரது முறை, நாளை மற்றொருவரது முறை என்ற ஒழுங்கு இருந்தது. நிலம் வரம்பினாற் பிரிந்தது. நீர் நேரத்தினாற் பிரிந்தது.

அலைப் பங்கீட்டின் பழைய முறைகள் இரண்டும் இவ்விரண்டையுமே ஒத்தவை. முதலாவது மீடிறனைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் ஒருவருக்கு அளிப்பது. இது வரம்பு கட்டிய நிலம் போன்றது. இரண்டு நிலையங்களுக்கிடையே வெறிதே விடப்படும் மீடிறனும் வரம்பைப் போலவே பயிர் விளையாத இடமாகும். இரண்டாவது ஒரே துண்டை நேரத்தினாற் பிரிப்பது. ஐரோப்பாவில் உருவான ஜி.எஸ்.எம். தொலைபேசி முறையில் 200 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவழி எட்டு நேரக் கூறுகளாக்கப்பட்டு, எட்டு உரையாடல்களுக்கு மாறி மாறி வழங்கப்படுகிறது. மாறும் வேகம் மிகுதியாகையாற் பேசுவோருக்கு இடைவெளி தெரிவதில்லை. இறைப்பு முறையேதான், நாட்கணக்கு ஆயிரத்திலொரு கூறுச் செக்கன் கணக்காகியுள்ளது.

மூன்றாவது முறை தூரத்தைப் பயன்படுத்துவது. கொழும்பிலே 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென்னிந்தியா முழுவதும் சிற்றலையிற் கேட்டது. சிற்றலை மேல்வளிமண்டலத்தில் தெறித்து நெடுந்தூரம் செல்லும். ஓர் அனுப்பி ஒரு துணைக்கண்டத்துக்கே போதும். ஆனால் அதே மீடிறனை அப்பரப்பில் வேறெவரும் பயன்படுத்தவியலாது. ஒருவர் பேசப் பலர் கேட்கும் அமைப்புக்கு அது பொருந்தும். எல்லோரும் பேசும் அமைப்புக்குப் பொருந்தாது. அமெரிக்க பெல் ஆய்வுகூடத்தினர் 1947 இல் வேறொரு வழியை முன்வைத்தனர். நிலப்பரப்பைச் சிறு சிறு கலங்களாக்கி, ஒவ்வொரு கலத்திலும் வலுக்குறைந்த அனுப்பியை வைத்தால், ஒரு கலத்தின் மீடிறனைச் சற்றுத் தொலைவிலுள்ள கலம் மீண்டும் பயன்படுத்தலாம். சாவகச்சேரியிற் பேசப்படும் மீடிறனிலேயே பருத்தித்துறையிலும் பேசலாம், இருவரும் உரத்துப் பேசாதவரை. கூவிப் பேசும் சமூகத்தில் அலை பஞ்சமாகும். அடக்கிப் பேசும் சமூகத்தில் அது பெருகும்.

இவ்விடத்தில் உவமையின் எல்லையையும் கூறல் வேண்டும். இன்று இறைக்காத நீர் நாளைக்குக் கிணற்றிலே இருக்கும். இன்று பயன்படாத அலைநேரம் நாளைக்கு இல்லை. வேலையற்றிருந்த தொழிலாளியின் நாளைப் போல அது மீளாது கழிந்துவிடும். எனவே உரிமம் பெற்று வைத்துக்கொண்டு பயன்படுத்தாதிருப்பது, காணியைத் தரிசாகப் போடுவதினும் பெரிய விரயமாகும்.

4

குடாநாட்டிலே பலரது கைபட்ட ஒரு கருவி, பங்கீட்டின் நான்காவது முறைக்குச் சான்றாகும். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர், கம்பித் தொலைபேசிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த வீடுகளுக்குச் சி.டி.எம்.ஏ. எனப்பட்ட கம்பியில்லாத் தொலைபேசிகள் வந்து சேர்ந்தன. மேசையிலே சிறு அன்டெனாவுடன் இருந்த அக்கருவி புலம்பெயர்ந்த பிள்ளைகளின் குரலைக் கொண்டுவந்தமையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. அதனுள்ளே இயங்கிய தத்துவமே நமக்கு முக்கியம்.

இம்முறையில் நிலம் பிரிக்கப்படுவதில்லை, நேரமும் பிரிக்கப்படுவதில்லை. எல்லோரும் ஏறத்தாழ 1.25 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவழியில் ஒரே நேரத்திற் பேசுகின்றனர். ஒவ்வொருவரது பேச்சும் அவருக்கெனக் கொடுக்கப்பட்ட குறியீட்டோடு பெருக்கப்பட்டு அவ்வகலம் முழுவதும் பரப்பப்படுகிறது. அதே குறியீட்டை அறிந்த வாங்கி அப்பேச்சைத் திரட்டி எடுத்துக்கொள்ளும். மற்றையோர் பேச்செல்லாம் அதற்கு இரைச்சலாகவே தோன்றும். நல்லூர்த் தேர்த்திருவிழாச் சனத்திரளில் நூறு பேச்சுகளுக்கிடையே தாயின் குரலைப் பிள்ளை இனங்காண்பது இவ்வகையினதே. அலையை அகலப் பரப்பும் எண்ணத்தின் மூலம் போர்க்காலத்தது. ஹெடி லமார் என்ற நடிகையும் ஜோர்ஜ் ஆந்தெயில் என்ற இசைஞரும் மீடிறனை அடிக்கடி தாவச்செய்து நீரடிக் கணையை (டோர்ப்பீடோவை) வழிநடத்தும் முறைக்கு 1942 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர்.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோபுரத்துக்கு அருகிலிருக்கும் ஒருவரின் கருவி உரத்து ஒலித்தால் தொலைவிலிருப்போர் அனைவரும் அதனுள் மூழ்கிவிடுவர். அதனால் ஒவ்வொரு கருவிக்கும், வலுவைக் கூட்டு அல்லது குறை என்று கோபுரம் செக்கனுக்கு 800 முறை கட்டளையிடுகிறது. எவரும் தமக்குத் தேவையானதற்கு மேல் ஒலிக்கக்கூடாது என்பது இங்கே நல்லுரையாக நின்றுவிடவில்லை; அமைப்பு இயங்குவதற்கே அதுதான் அடிப்படை. குளோட் ஷனன் 1948 இல் நிறுவிய தகவற் கோட்பாடும் இதனையே வேறுவகையாற் கூறுகிறது. அலைவழியின் அகலம் இரட்டித்தால், இரைச்சலை விட அனுப்பும் வலு ஓங்கி நிற்கும் நிலையில், கொள்திறன் ஏறக்குறைய இரட்டிக்கும். வலுவை மட்டும் இரட்டித்தாற் கொள்திறன் சிறிதே கூடும். உரத்த குரலாற் பேசுபவர்க்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது. அயலவர்க்கு நேரும் கேடு பெரிது.

ஆனால் கட்டளையிடும் கோபுரம் யாருடையது? அக்கேள்வியே நம்மைத் தொழில்நுட்பத்திலிருந்து உடைமையுறவுக்கு இட்டுச்செல்கிறது. 2006 இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டிலே கையடக்கத் தொலைபேசிச் சேவைகள் இடைநிறுத்தப்பட்ட காலங்கள் இருந்தன. அலையில் எவ்விதக் குறையும் நேரவில்லை, கோபுரம் ஊமையாக்கப்பட்டது.

5

அலையின் உடைமை வரலாறு தொடக்கத்திலேயே தனியுரிமையோடு பின்னிப் பிணைந்தது. மார்க்கோனியின் நிறுவனம் வேறு நிறுவனங்களின் கருவிகளைக் கொண்ட கப்பல்களோடு செய்தி பரிமாற மறுத்து வந்தது. அதனால் எழுந்த பிணக்கே 1906 ஆம் ஆண்டின் பேர்லின் உடன்படிக்கைக்கு முக்கிய காரணமாயிற்று. டைட்டானிக் கப்பல் அமிழ்ந்த 1912 இன் பின்னர் அரசுகள் உரிமம் வழங்கும் முறையை இறுக்கின. 1927 இல் வாஷிங்டன் மாநாடு மீடிறன்களைச் சேவைகளுக்கென வகுத்தது. முந்திப் பயன்படுத்தியவர்க்கு முன்னுரிமை என்ற நடைமுறை ஏகாதிபத்திய நாடுகளுக்கே வாய்ப்பளித்தது. குடியேற்ற ஆட்சியிலிருந்து பிந்தி விடுதலை பெற்ற நாடுகள் 1979 ஆம் ஆண்டின் உலக வானொலி நிர்வாக மாநாட்டிலே தமக்குரிய பங்கைக் கோரிப் போராடியமை இதன் எதிர்விளைவேயாகும்.

அரசுரிமைக்கு மாற்றாகச் சந்தையை முன்வைத்த கருத்தும் ஏறத்தாழ எழுபதாண்டுப் பழையது. றொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1959 இல், மீடிறனையும் நிலத்தைப் போன்று விற்கவும் வாங்கவும் விட்டால் அது மிகுந்த பயன் தருவோர் கையைத் தானே அடையும் என வாதித்தார். பின்னர் பல நாடுகள் ஏலத்தை ஏற்றன. மார்க்ஸ் மூலதனம் மூன்றாம் தொகுதியில் நிலவாடகையை ஆராயுமிடத்து நீர்வீழ்ச்சியை எடுத்துக்காட்டுவார். நீர்வீழ்ச்சியை இயந்திரத்துக்குப் பயன்படுத்தும் முதலாளி ஏனையோரினும் மேலதிக இலாபம் பெறுகிறார். நீர்வீழ்ச்சியை உடையவர் அவ்விலாபத்தையே வாடகையாகப் பறித்துக்கொள்கிறார். அவ்வுடைமை எதனையும் உற்பத்தி செய்வதில்லை. உற்பத்தியான ஒன்றைக் கைமாற்றும் உரிமையை மட்டும் அளிக்கிறது. மீடிறனுரிமை இத்தகைய நீர்வீழ்ச்சியே. வாடகை உயர உயர, வேலியை நீக்கிப் பகிர்ந்து பயன்படுத்தும் தொழில்நுட்பத்தில் உரிமையாளருக்கு உள்ள அக்கறை குறையும். பஞ்சம் நீடிப்பதே அவருக்கு ஆதாயம்.

இந்தியாவின் இரண்டாந் தலைமுறை அலைக்கற்றை விவகாரத்தை இந்நோக்கில் மீளப் பார்க்கலாம். 2008 இல் உரிமங்கள் 2001 ஆம் ஆண்டு விலையில் வழங்கப்பட்டன. 2010 இல் கணக்காய்வாளர் தலைவர் உத்தேச இழப்பை 1.76 இலட்சம் கோடி ரூபா வரை கணித்தார். 2012 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. பத்தாண்டுகள் நீண்ட இவ்விவாதம் பெரும்பாலும் விலையையே சுற்றிச் சுழன்றது. அலையைத் தனித்தனியே கூறுபோட்டு விற்பதுதான் ஒரே வழியா என்ற கேள்வி அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

நீதிமன்றங்கள் வேறொரு கோட்பாட்டையும் கூறியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உயர்நீதிமன்றம் 1995 இல் தீர்த்தது. இலங்கையில் 1996 இல், அரச வானொலியின் கல்வி நிகழ்ச்சியொன்று நிறுத்தப்பட்டது தொடர்பான வழக்கிலே, நிகழ்ச்சியிற் பங்குகொள்ளும் நேயரின் கருத்துரிமையை உயர்நீதிமன்றம் ஏற்றது. மறு ஆண்டில், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் சுயாதீனமற்ற அமைப்பொன்றை உருவாக்குவதால் அரசியலமைப்புக்கு முரணானது என்றும், மீடிறன்கள் மக்களின் பொருட்டுப் பேணப்படவேண்டிய பொதுச்சொத்து என்றும் கூறியது. ஆயினும் பொதுச்சொத்து என்ற சொல் அரசின் கையிலுள்ள சொத்து என்றே நடைமுறையிற் பொருள்படுகிறது. 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டமும் 1996 இல் நிறுவப்பட்ட ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உரிமத்தையே மையமாகக் கொண்டவை.

6

அரசும் சந்தையும் அன்றி மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை அண்மைக்கால அனுபவங்கள் காட்டியுள்ளன. 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் தீவுகளிலுள்ள கணினிகளை ஒரே வானொலி வழியால் இணைத்தனர். யாருக்கும் தனிப்பங்கு இல்லை. செய்தி உள்ளவர் அனுப்புவார். இரு செய்திகள் மோதினால் இருவரும் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புவர். பேசுமுன் பிறர் பேசுகிறாரா எனச் செவிமடுக்கும் ஒழுங்கு பின்னர்ச் சேர்ந்தது. 1985 இல் அமெரிக்கா சில மீடிறன்களை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. அவற்றுள் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதி நுண்ணலை அடுப்புகளின் கசிவாற் கெட்டுப்போனதெனக் கருதப்பட்ட கழிவுநிலம். அதிலேதான் 1997 இன் பின் வைபை வளர்ந்தது. பல பகுதிகளில் இயற்கையான பற்றாக்குறையினும் அணுகும் உரிமையே பெரிய தடை என்று அந்நாட்டு ஆணைக்குழுவின் ஆய்வுக்குழு 2002 இல் ஒப்புக்கொண்டது. 2015 இல், கடற்படை ராடர் பயன்படுத்தும் ஓர் அலைப்பகுதியை ராடர் இயங்காத இடத்திலும் நேரத்திலும் பிறர் பயன்படுத்த விதி வகுக்கப்பட்டது. அங்கே கட்டணம் செலுத்தியவர் பயன்படுத்தாதபோது பொதுமக்கள் பயன்படுத்தலாம். முறைக்குரியவர் இறைக்காத நேரத்திலே அயலவர் இறைக்கும் உரிமைதான் இது.

எனினும் திறந்த பொதுமையைப் புகழ்ந்து அமைவது போதாது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தபோது குடாநாட்டுக் கிணறுகளுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீரின் அளவைத் துலா தானே மட்டுப்படுத்தியது. இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. பழைய முறை ஒழுங்கு புதிய ஆற்றலுக்கு ஈடுகொடுக்கவில்லை. கரையோரக் கிணறுகள் பல உவரடைந்தன. உரிமமற்ற அலைப்பகுதியிலும் வலுவுக்கு எல்லை வகுக்காவிடில் இரைச்சலே உவர்நீராக ஏறிவரும். அன்றியும், திறந்த பகுதியிலே பெருங்கருவிகளை நிறுவ வல்லவர் பெருநிறுவனத்தினர். பொதுநிலத்தில் மிகுதியாக மேய்வது எப்பொழுதும் பெரிய மந்தையே.

7

இதனினும் அடிப்படையான எச்சரிக்கை ஒன்று நமது கிணற்று வரலாற்றிலேயே உண்டு. பங்குக் கிணறு என்ற சொல்லிலே இனிமை இருக்கலாம். ஆனால் அப்பங்கு உறுதியிற் பெயருள்ளவர்க்கே உரியது. நிலமற்றவர்க்கு அதிலே பங்கில்லை. சாதியால் ஒடுக்கப்பட்டவர் கிணற்றடிக்கே வரவியலாது வேலிக்கு வெளியே குடத்துடன் காத்து நின்ற காலம் நமது தாய் தந்தையரின் காலம். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் தண்ணீர் என்றே பெயரிட்டமை தற்செயலன்று. 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளிலும் ஆலய வாசல்களிலும் நிகழ்ந்த போராட்டங்களும் பொது எனப்பட்ட இடத்தின் பொதுமையையே வினவின. பகிர்வின் திறமை மட்டும் நீதியாகாது. மிகத் திறமையாகப் பகிரப்படும் கிணறும் பலரைப் புறத்தே நிறுத்தியிருக்கலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு அலையை நோக்கினால் குடாநாட்டின் நிலை தெளிவாகும். பாக்கு நீரிணையின் மறுகரை பருத்தித்துறையிலிருந்து அறுபது கிலோமீற்றரளவு தொலைவே. அலைக்குக் கடலெல்லை தெரியாது. தமிழகத்து எப்.எம். நிலையங்கள் நமது வடகரையிற் கேட்கும்; இலங்கையின் தமிழ் நிலையங்கள் இராமநாதபுரக் கரையிற் கேட்கும்; தனுஷ்கோடியில் நிற்போரின் தொலைபேசியை இலங்கைக் கோபுரம் வரவேற்கும். அக்கரையிலே பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற மீனவர் வானொலி 90.4 மெகாஹேர்ட்சில் இயங்குகிறது. சமுதாய வானொலிக்கு இந்தியா விதித்த வலுவின் உச்ச அளவு பொதுவாக நூறு வாற்று மட்டுமே. காற்றையும் கடலையும் கரைச் செய்தியையும் கடற்றொழிலாளரின் பேச்சிலேயே கூறுவதற்கு அச்சிறு வலு போதுமானதாயிற்று. இலங்கையிலோ 1980களில் மகாவலியிலும் கொத்மலையிலும் சமுதாய வானொலி என்ற பெயரில் தோன்றியவை அரச கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கின. குருநகர், காரைநகர், மயிலிட்டி ஆகிய கரைகளிற் கேட்போர் பலருண்டு. அலையிற் பேசும் பங்கு அவர்க்கு எழுதப்படவில்லை.

எனவே நாம் வந்தடையும் முடிபுகள் மூன்று. அலைப் பஞ்சத்தின் பெரும்பகுதி பழைய கருவிகளாலும் அவற்றுக்கேற்ப எழுதப்பட்ட தனியுரிமைகளாலும் விளைவது. கருவி மாறியபின் உரிமை மாறாதிருப்பதே இன்றைய முரண்பாடு. வெறுமையாகக் கிடக்கும் பங்கு, முறை தவறியவரின் நீரைப் போல, அயலவர் பயன்பாட்டுக்கு உடனே திரும்பவேண்டும். அதற்கான தொழில்நுட்பம் இப்பொழுது உண்டு. வலுவின் எல்லையையும் முறையின் ஒழுங்கையும் வகுக்கும் இடத்திலே அலையைப் பயன்படுத்தும் மக்களே அமரவேண்டும். விலை கொடுத்தவரும் ஆணையிடுபவரும் மட்டும் அமர்ந்தால் அது பங்குக் கிணறாகாது. சிறு வலுவுள்ள ஒலிபரப்புக்கு எப்.எம். பகுதியில் ஒரு துண்டை ஒதுக்கி, கடற்றொழிலாளர் சங்கங்களும் கிராமச் சங்கங்களும் பாடசாலைகளும் அதனை நேரமுறையிற் பகிர இடமளிப்பது இத்திசையில் எளிதாக எடுக்கத்தக்க முதலடி. அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. காணி உறுதியிலே வழி வாய்க்காற் பங்கு எழுதத் தெரிந்த சமூகத்துக்கு இதனை எழுதுவதும் அரிதன்று. இம்முறை எழுதும்போது வேலிக்கு வெளியே நின்றவர்களின் பெயர்களும் அவ்வுறுதியில் இருத்தல் வேண்டும்.